ஒயின் பட்டியலைக் கண்டு தயங்க வேண்டாம்

போர்ட்டிக்சன் கடற்கரையில் ஓர் ஓட்டல் உணவகத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். கல்யாண நாள், பிள்ளையின் பட்டமளிப்பு, அப்பாவின் அறுபதாம் பிறந்தநாள் என்று நம் குடும்பங்கள் நிறைய வரும். சாப்பாட்டுப் பட்டியலைப் பார்த்துக் கலகலப்பாகப் பேசுகிறவர்கள், ஒயின் பட்டியல் கைக்கு வந்ததும் அடங்கிப் போகிறார்கள். ஷார்டனே, மெர்லோ, டானின், விண்டேஜ் என்று புரியாத சொற்கள். கேட்டால் தெரியாதவர் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். கடைசியில் விலையைப் பார்த்து நடுவில் ஒன்றைக் கைகாட்டுவார்கள்.

அந்தக் கூச்சம் வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நான் லிங்கித் தோட்டப்புறத்தில் லயத்து வீட்டில் வளர்ந்தவன். கள்ளு எப்படிப் புளிக்கிறது என்று பார்த்து வளர்ந்த எவருக்கும் ஒயினில் பாதி விஷயம் ஏற்கெனவே தெரியும். மிச்சப் பாதியைத் தெரிந்துகொள்ள ஒரு கட்டுரை போதும்.

முட்டியில் நடந்ததும் தொட்டியில் நடப்பதும்

நெகிரி செம்பிலானும் மலாக்காவும் சந்திக்கும் எல்லையில், அதே பெயருடைய ஆற்றை ஒட்டிய ஊர் லிங்கி. ஒரு காலத்தில் சுங்கை ஊஜோங் வட்டாரத்து ஈயம் இந்த ஆற்று வழியாகத்தான் கடலுக்குப் போனது. பிறகு காப்பி வந்தது, ரப்பர் வந்தது, இன்று செம்பனை நிற்கிறது. பயிர் எது மாறினாலும் தோட்டங்களில் வேலை செய்த நம் ஆட்களுக்குக் கள்ளுக்கடை மட்டும் நெடுங்காலம் மாறாமல் இருந்தது.

என் பெரியப்பா கள்ளு இறக்கியவர். விரியாத தென்னம்பாளையை நாரால் இறுக்கிக் கட்டி, சின்னக் கட்டையால் நாள்தோறும் மெதுவாகத் தட்டுவார். பாளை பக்குவப்பட்டதும் நுனியைக் கத்தியால் சீவினால் சாறு சொட்டத் தொடங்கும். காலையிலும் மாலையிலும் மரம் ஏறி, நுனியில் இன்னும் ஓர் இழை சீவி, முட்டியை இறக்கி வருவார். காது வைத்துக் கேட்டால் முட்டிக்குள் பொரிவது போன்ற மெல்லிய சத்தம் வரும். மேலே வெள்ளை நுரை கட்டியிருக்கும். நுரையில் எறும்பும் தேனீயும் மிதக்கும்.

அந்தச் சத்தம்தான் நொதித்தல். பாளையிலிருந்து வடியும்போது சாறு வெறும் இனிப்பு. அதில் சர்க்கரை சுமார் 15 விழுக்காடு. காற்றிலும் முட்டியின் உட்புறத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் அந்தச் சர்க்கரையைத் தின்று, அதை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. நுரைக்குக் காரணம் அந்த வாயு, போதைக்குக் காரணம் அந்த ஆல்கஹால். சில மணி நேரத்திலேயே கள்ளில் 4 முதல் 5 விழுக்காடு ஆல்கஹால் சேர்ந்துவிடும். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் ஈஸ்ட் வேலை செய்யாது. அப்போது கிடைப்பது பதநீர்.

ஒயினும் இதே வேலைதான். சாறு மட்டும் திராட்சையிலிருந்து வருகிறது. ஒயினுக்கு வளர்க்கும் திராட்சை, பழுத்த நிலையில் எடையில் 20 முதல் 25 விழுக்காடு சர்க்கரை கொண்டது. ஒரு லிட்டர் சாற்றில் ஏறக்குறைய 17 கிராம் சர்க்கரை இருந்தால் 1 விழுக்காடு ஆல்கஹால் கிடைக்கும். புட்டியில் 13 விழுக்காடு என்று போட்டிருந்தால், அந்தச் சாற்றில் லிட்டருக்கு 220 கிராம் அளவில் சர்க்கரை இருந்திருக்கிறது என்று அர்த்தம். சாதாரண 750 மில்லி லிட்டர் புட்டி ஒன்றுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலான திராட்சை தேவைப்படும்.

காலையில் இறக்கிய கள்ளு மறுநாள் கடுத்துப் போகும், விட்டுவிட்டால் காடியாகும். ஒயின் மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது? ஆல்கஹாலைக் காடியாக மாற்றும் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். திறந்த முட்டியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. ஒயினை நிறைந்த தொட்டியிலும் பீப்பாயிலும் மூடி வைத்து, கொஞ்சம் கந்தக டை ஆக்சைடும் சேர்க்கிறார்கள். புட்டியின் பின்பக்கம் சல்ஃபைட் உள்ளது என்று எழுதியிருப்பது இதைத்தான். கூடவே திராட்சையின் புளிப்பும் உயர்ந்த ஆல்கஹாலும் காவல் நிற்கின்றன. ஒயின் கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்று பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் ஆராய்ந்து 1866இல் நூலாகவே வெளியிட்டார். இன்று நாம் வாங்கும் பால் பாக்கெட்டில் இருக்கும் பாஸ்டர் முறை, அவர் ஒயினைக் காப்பாற்றச் செய்த அந்த ஆய்விலிருந்து வளர்ந்ததுதான்.

சிவப்பு எப்படி வருகிறது

கறுப்புத் திராட்சை ஒன்றை உரித்துப் பாருங்கள். உள்ளே சதை வெளிர் பச்சைதான். சாறு நிறமற்றது. சிவப்பு முழுவதும் தோலில் இருக்கிறது. அதனால் சிவப்பு ஒயினுக்குப் பழத்தை நசுக்கி, தோலும் விதையும் சாற்றிலேயே கிடக்க, சில நாள் முதல் சில வாரம் வரை நொதிக்க விடுகிறார்கள். வாயு மேலே தள்ளுவதால் தோலெல்லாம் மேலே வந்து கெட்டியாகப் படியும். அதை நாள்தோறும் கீழே அமுக்கியோ, அடியிலிருந்து சாற்றை எடுத்து மேலே ஊற்றியோ நனைப்பார்கள். நனைக்காவிட்டால் நிறமும் சுவையும் இறங்காது.

வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து தோலை உடனே எடுத்துவிடுகிறார்கள். ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினுக்குத் தோல் சில மணி நேரம் மட்டும் சாற்றோடு இருக்கும். ஷாம்பேனுக்கு, தயாரான ஒயினைப் புட்டியில் ஊற்றி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். உள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கும். வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைந்து நிற்கும். அந்தப் புட்டிக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 6 வளிமண்டலம். மூடியை ஆள்மேல் குறி வைத்துத் திறக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

வெப்பமும் முக்கியம். வெள்ளை ஒயினை 12 முதல் 18 பாகை வரையான குளிரில் மெதுவாக நொதிக்க விட்டால் பழ வாசனை தங்கும். சிவப்புக்கு 25 முதல் 30 பாகை வரை போகலாம், அப்போதுதான் தோலிலிருந்து சாரம் இறங்கும். நம் ஊர் வெயிலில் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் புளிக்கும் கள்ளுக்கும் குளிரூட்டிய எஃகுத் தொட்டியில் புளிக்கும் ஒயினுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

நாக்கு அறிந்த நான்கு விஷயங்கள்

ஒரு நாள் ஜெம்போலிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னை அழைத்தார். "தம்பி, இதுல சீனியே இல்லையே. கெட்டுப் போச்சா?" என்றார். "இல்லைங்கய்யா, இது டிரை ஒயின். சீனி முழுக்க ஈஸ்ட் தின்னுடுச்சு. இனிப்பா வேணும்னா வேற தர்றேன்" என்றேன். "அட, இவ்வளவுதானா" என்றார்.

இவ்வளவுதான். முதலாவது, இனிப்பு. டிரை என்றால் சர்க்கரை ஏறக்குறைய மிச்சமில்லை. செமி ஸ்வீட் என்றால் கொஞ்சம் மிச்சம். ஸ்வீட் என்றால் நிறைய. பழ வாசனை தூக்கலாக இருப்பதால் இனிப்பு என்று மூக்கு நினைக்கும். நாக்கைக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

இரண்டாவது, புளிப்பு. பட்டியலில் அசிடிட்டி என்று இருக்கும். திராட்சையின் முக்கிய அமிலம் டார்டாரிக் அமிலம். நாம் ரசத்துக்குக் கரைக்கும் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். குடித்தபின் வாயில் நீர் ஊறினால் அந்த ஒயினில் புளிப்பு அதிகம். சில புட்டிகளின் அடியில் கண்ணாடித் துகள் போலப் படிந்திருப்பது இந்த அமிலத்தின் உப்பு, அதனால் தீங்கில்லை.

மூன்றாவது, டானின். இது துவர்ப்பு. கொட்டைப்பாக்கை மெல்லும்போது ஈறும் கன்னத்தின் உட்புறமும் உலர்ந்து இழுக்கிறதே, அதைச் செய்வது டானின். திராட்சையில் அது தோலிலும் விதையிலும் காம்பிலும் இருக்கிறது. அதனால்தான் தோலோடு நொதித்த சிவப்பு ஒயினில் துவர்ப்பு உண்டு, வெள்ளையில் மிகக் குறைவு. ஓக் மரப் பீப்பாயிலும் டானின் உண்டு. நாளாக ஆகத் துவர்ப்பு மென்மையாகும். எல்லா ஒயினும் பழசானால் நல்லது என்பது தவறான நம்பிக்கை. துவர்ப்பும் புளிப்பும் சாரமும் போதுமான அளவு உள்ளவை மட்டும் பழையதாகி மேம்படும். கடையில் கிடைக்கும் பெரும்பாலானவற்றை வாங்கிய ஓரிரு ஆண்டில் குடித்துவிட வேண்டும்.

நான்காவது, பாடி. வாயில் ஒயின் எவ்வளவு கனமாக இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல். ஆல்கஹால், சர்க்கரை, சாரம் மூன்றும் கூடக் கூடக் கனம் கூடும். இந்த நான்கையும் பிடித்துக்கொண்டால், பட்டியலில் உள்ள வருணனையில் பெரும்பகுதி புரிந்துவிடும்.

திராட்சைகளின் குடும்பம்

உலகில் ஒயினுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நம் ஊர்ப் பட்டியல்களைப் புரிந்துகொள்ள ஏழெட்டு போதும்.

கேபர்னே சொவின்யோன்: சின்னப் பழம், தடித்த தோல். ஆகவே நிறமும் துவர்ப்பும் அதிகம். பிரான்சின் போர்தோ இதன் தாயகம். 1997இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணுவைச் சோதித்து, கேபர்னே ஃபிராங் என்ற கறுப்புத் திராட்சைக்கும் சொவின்யோன் பிளாங் என்ற வெள்ளைத் திராட்சைக்கும் பிறந்தது இது என்று காட்டினார்கள். போர்தோவில் இதோடு மெர்லோவைக் கலப்பது வழக்கம். மெர்லோவின் துவர்ப்பு மென்மையானது; முதன்முதலில் சிவப்பு குடிப்பவருக்கு நான் தருவது அதைத்தான்.

ஷிராஸ்: பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் சிரா என்று பெயர், ஆஸ்திரேலியாவில் ஷிராஸ். மிளகு வாசனை சேர்ந்த கனமான சிவப்பு. பினோ நுவார் இதற்கு நேர் எதிர்: மெல்லிய தோல், வெளிர் நிறம், குளிர்ந்த இடத்தில்தான் நன்றாக விளையும்.

வெள்ளையில் ஷார்டனே தன் வாசனை அடங்கிய திராட்சை. செய்கிறவர் கை தெரியும். ஓக் பீப்பாயில் வைத்தால் வெண்ணெய், வனிலா வாசம் வரும், எஃகுத் தொட்டியில் வைத்தால் சுத்தமான புளிப்பு. சொவின்யோன் பிளாங் பச்சைப் புல், எலுமிச்சை வாசம். ஜெர்மனியின் ரீஸ்லிங் நல்ல புளிப்பும், சில சமயம் மெல்லிய இனிப்பும் கொண்டது.

புட்டி ஒட்டுச்சீட்டில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஆஸ்திரேலியா, சிலி போன்ற நாடுகள் திராட்சையின் பெயரை எழுதும். பிரான்சும் இத்தாலியும் பெரும்பாலும் ஊரின் பெயரை எழுதும். பர்கண்டி சிவப்பு என்றால் பினோ நுவார். ஷாப்ளி என்றால் ஷார்டனே. கியான்டி என்றால் முக்கியமாக சான்ஜியோவேசே. ஒரே திராட்சையின் பெயர் போட்டிருந்தால் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் குறைந்தது 85 விழுக்காடு அதுவாக இருக்க வேண்டும் என்பது சட்டம். விண்டேஜ் என்பது பழம் பறித்த ஆண்டு, புட்டியில் அடைத்த ஆண்டு அல்ல.

நம் பக்கத்துத் திராட்சை

லிங்கியில் ஏன் ஒயின் திராட்சை இல்லை? இந்தக் கொடிக்குக் குளிர்கால ஓய்வு வேண்டும். உலகின் பெரும்பாலான ஒயின் தோட்டங்கள் வடக்கிலும் தெற்கிலும் 30 முதல் 50 பாகைக்குள் இருப்பது அதனால்தான். நாம் இருப்பதோ நிலநடுக்கோட்டிலிருந்து இரண்டரைப் பாகை. இங்கே கொடி தூங்காது, மழை ஓயாது, பூஞ்சை விடாது.

ஆனாலும் வெப்ப நாடுகளில் கவாத்து செய்தே கொடியைப் பழக்கியிருக்கிறார்கள். தமிழ்நாட்டின் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை ஆண்டு முழுவதும் விளைகிறது. அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் அதைக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெங்களூரை ஒட்டிய நந்தி மலையடிவாரத்தில் குரோவர் நிறுவனமும், மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் சூலா நிறுவனமும் ஒயின் செய்கின்றன. நாசிக்கில் மழைக்காலம் முடிந்ததும் கவாத்து செய்து, வறண்ட ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்கிறார்கள். நமக்கு இன்னும் பக்கத்தில் தாய்லாந்தின் ஹுவா ஹின்னிலும் பாலித் தீவிலும் ஒயின் தயாராகிறது.

ரப்பர் தோட்டத்தாருக்குப் பழக்கமான ஒரு வேலை ஒயினைக் காப்பாற்றிய கதையும் உண்டு. 1860களில் வட அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற நுண்பூச்சி பிரான்சின் கொடிகளை வேரில் தாக்கி அழித்தது. பூச்சிதான் காரணம் என்று பிளான்ஷோன் என்ற தாவரவியலார் உள்ளிட்ட குழு 1868இல் கண்டறிந்தது. தீர்வு, பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டுவது. நல்ல பால் தரும் மரத்தின் மொட்டை நாற்றில் வைத்து ஒட்டுக் கட்டிய நம் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இன்றும் உலகின் பெரும்பாலான ஒயின் கொடிகள் ஒட்டுக் கொடிகள்தான்.

ஒயின் நம் மரபுக்கு முற்றிலும் அந்நியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. புறநானூற்றின் 56ஆம் பாட்டில், யவனர் கலத்தில் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் அருந்தி மகிழ்வதை நக்கீரர் பாடுகிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த இருபிடி ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன.

மேசையில் செய்ய வேண்டியது

சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். அந்த அறை ஐரோப்பிய அறை. 16 முதல் 18 பாகை. நம் வீட்டு அறை 30. அதனால் சிவப்பையும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். வெள்ளைக்கு இன்னும் அதிகக் குளிர், 8 முதல் 12 பாகை வரை.

கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, மெதுவாகச் சுழற்றி முகருங்கள். ஈரமான அட்டைப்பெட்டி வாடை வந்தால் தக்கை கெட்டிருக்கிறது. தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம். பரிமாறுகிறவர் முதலில் கொஞ்சம் ஊற்றிக் காத்திருப்பது இதற்காகத்தான். நண்டு மசாலா, ஆட்டிறைச்சிப் பிரட்டல் போன்ற காரமான சாப்பாட்டோடு துவர்ப்பும் ஆல்கஹாலும் அதிகமான சிவப்பு சேராது. காரத்தை இன்னும் எரிய வைக்கும். லேசான இனிப்புள்ள ரீஸ்லிங்கோ குளிர்ந்த ரோஸேயோ அதற்குப் பொருந்தும்.

அளவைப் பற்றி

தோட்டத்துப் பிள்ளையாக இதைச் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வராது. சம்பள நாளன்று கள்ளுக்கடையில் கரைந்த கூலியை நம் பாட்டிமார் மறக்கவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் ஆர்.எச்.நாதன் போன்ற தலைவர்களோடு நின்று வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. போருக்குப் பின் 1946, 47 ஆண்டுகளில் கெடாவின் பீடோங் வட்டாரத்தில் ஏ.எம்.சாமியின் தொண்டர் படை கள்ளுக்கு எதிராகத் தோட்டம் தோட்டமாக இறங்கியது. குடி எதைத் தின்னும் என்று நம் சமூகத்துக்குப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஒயின் நாகரிகமான பானம், ஆகவே தீங்கில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 150 மில்லி லிட்டர் கோப்பை ஒயினில் இருக்கும் ஆல்கஹால், சின்ன டின் பீர் ஒன்றில் இருப்பதற்குச் சமமாகவோ சற்று அதிகமாகவோ இருக்கும். எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்தது. மலேசியாவில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. 2020இல் திருத்திய சட்டப்படி, ஓட்டுநரின் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஆல்கஹால் 50 மில்லிகிராமைத் தாண்டினால் குற்றம்.

குடிக்காதவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தொடங்க வேண்டாம். ஒயினைப் பற்றித் தெரிந்துகொள்ளக் குடிக்க வேண்டிய அவசியமே இல்லை. குடிக்கிறவர்கள் என்ன குடிக்கிறோம் என்று தெரிந்து, சாப்பாட்டின்போது ஒரு கோப்பையோடு நிறுத்துங்கள். வண்டி ஓட்டப் போகிறவர் அன்று தண்ணீர் மட்டும் குடிக்கட்டும்.